பந்தைத் துரத்தாத கேமரா

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு கல்லூரி மைதானத்தில் ஃபைனல் மேட்ச் என்றால், ஆடுகிறவர்களைவிட படம் பிடிக்கிறவர்கள்தான் அதிகம். கோட்டுக்கு வெளியே வரிசையாக செல்போன்கள். யாராவது ஒரு ஸ்மாஷ் அடித்ததும் 'ஓ'வென்று சத்தம். அந்தச் சத்தத்திலேயே பாதி ஃபோன்கள் ஆடிவிடும். சாயங்காலத்துக்குள் இருபது முப்பது ஸ்டேட்டஸ், நாலைந்து ரீல்ஸ், பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டு.

மறுநாள் காலை பி.டி. மாஸ்டர், "மூணாவது செட்டுல அஞ்சு பாயின்ட் வரிசையா போச்சே, அந்த வீடியோ யார்கிட்டயாவது இருக்காடா?" என்று கேட்டுப் பார்க்கட்டும். ஒருவரிடமும் இருக்காது. ஸ்மாஷ் இருக்கும். ஸ்மாஷ் அடித்தவன் சட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியது இருக்கும். அதற்கு முன்னால் ஸர்வீஸ் விழுந்த இடம், அதை எடுக்க வேண்டிய இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற அந்த அரை விநாடி மட்டும் எந்த ஃபோனிலும் இருக்காது. மேட்ச் தோற்றது என்னவோ அந்த அரை விநாடியில்தான்.

அந்த அரை விநாடியைப் பிடித்து வைப்பதற்கென்றே உலகத்தில் ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் அந்த வேலைக்காரருக்கு 'வீடியோ டைரக்டர்' என்று பெயர். அவருக்கு மாதச் சம்பளம் உண்டு, தனி அறை உண்டு, கீழே நாலைந்து மாணவ உதவியாளர்கள் உண்டு. இந்தியாவில் இதே வேலையை 'வீடியோ அனலிஸ்ட்' என்கிறார்கள். கிரிக்கெட்டில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் பலர் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பது நிறைய பேருக்குத் தெரியாத செய்தி.

ராஜபாளையம் ராஜுக்கள் கல்லூரி, ஏ.கே.டி. தர்மராஜா பெண்கள் கல்லூரி, ராம்கோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிப் போனால் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் என்று, ஒரு டவுன் பஸ் பயண தூரத்துக்குள் இத்தனை கல்லூரிகள் இருக்கிற வட்டாரம் இது. கேமரா படித்த பிள்ளைகள், கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள், மைதானமே கதியென்று கிடக்கிற பிள்ளைகள் மூன்று வகையும் இங்கே உண்டு. இந்த மூன்றும் சேர்கிற இடத்தில்தான் அந்த வேலை இருக்கிறது.

மாடியில் நின்று பார்த்த தேர்

ஆடிப்பூரத் தேரை ரத வீதியில் கூட்டத்தோடு நின்று பார்த்தவர்களுக்கு என்ன தெரியும்? மேலே அசைகிற தேர்ச்சீலை தெரியும். முன்னால் நிற்பவரின் முதுகு தெரியும். வடம் கையில் பட்டால் புண்ணியம்.

அதே தேரை ரத வீதியில் ஒரு மொட்டை மாடியில் நின்று பார்க்கிறவருக்கு வேறு காட்சி. எந்த வடம் தொய்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் ஆள் குறைவு, திருப்பத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்துக்கு எந்த இடத்தில் கட்டையைக் கொடுக்கிறார், தேர் எப்படி மூக்கைத் திருப்புகிறது என்பதெல்லாம் அங்கிருந்துதான் புரியும். தரிசனத்துக்குக் கீழே நிற்க வேண்டும். தேர் ஏன் நின்றது என்று தெரிய மேலே ஏற வேண்டும்.

அணிக்காக வீடியோ எடுக்கிறவரின் முதல் பாடமும் இதுதான். உயரமாக நில். மொத்த ஆட்டக்காரர்களும் சட்டத்துக்குள் இருக்கட்டும். பந்து எங்கே போனாலும் அதன் பின்னால் ஓடாதே.

கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால் கை நடுங்கும். ஏனென்றால் மனிதக் கண் பந்தைத்தான் துரத்தும். நல்ல கல்யாண வீடியோக்காரர்கள் இந்த ஊரில் நிறைய பேர் உண்டு. அவர்களுக்கு இது பெரும் தண்டனையாகத் தோன்றும். தாலி கட்டும்போது முகத்தருகே போகாமல், மண்டபத்தின் கடைசியில் நின்றபடி மொத்தக் கூட்டத்தையும் இரண்டு மணி நேரம் அசையாமல் எடு என்றால் எப்படி இருக்கும்? அப்படி எடுத்த வீடியோவை மாப்பிள்ளை வீட்டார் பார்க்க மாட்டார்கள். ஆனால் பந்தி எங்கே தாமதமானது, யார் சாப்பிடாமல் போனார்கள் என்று சமையல் கான்ட்ராக்டருக்கு அந்த வீடியோ போதும். கோச் அந்த சமையல் கான்ட்ராக்டர் இடத்தில் இருப்பவர்.

சினிமா தியேட்டரில் பிறந்த வேலை

இந்த வேலையின் கதை சினிமா தியேட்டரில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1911-ல் பிறந்த சிட் கில்மன் என்பவரின் குடும்பத்துக்குத் தியேட்டர் தொழில். அந்தக் காலத்தில் படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் ஓட்டுவார்கள் அல்லவா? அதில் கால்பந்து ஆட்டக் காட்சி வந்தால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி வீட்டுக்குக் கொண்டுபோய், திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். அவர்கள் ஊர்க் கால்பந்து என்பது நம் ஊர்க் கால்பந்து அல்ல. தலையில் கவசம் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தோடு முட்டி மோதுகிற ஆட்டம்.

பிற்பாடு கில்மன் மயாமி (ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் மயாமி), சின்சினாட்டி பல்கலைக்கழகங்களில் கோச் ஆனார். அதன்பிறகு தொழில்முறை அணிகளுக்குப் போனார். ஆட்டத்தைப் படமெடுத்து, வகை பிரித்து, ஆட்டக்காரர்களை உட்கார வைத்துக் காட்டுகிற முறையை வளர்த்த முன்னோடிகளில் அவர் பெயர் முதல் வரிசையில் வரும்.

அவர் காலத்தில் 16 எம்.எம். ஃபிலிம். சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் ஃபிலிம் சுருளை எடுத்துக்கொண்டு லேபுக்கு ஓட வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாகக் கழுவி, ஞாயிற்றுக்கிழமை கோச் அறையில் ஓட்ட வேண்டும். ஃபிலிமைக் கத்தரியால் வெட்டி, தாக்கும் ஆட்டம் ஒரு சுருள், தடுக்கும் ஆட்டம் ஒரு சுருள் என்று ஒட்டுவார்கள். பிறகு வீடியோ கேசட் வந்தது. 1990-களில் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவது வந்தது. 2006-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் படித்த மூன்று பேர் 'ஹட்ல்' என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் வாடிக்கையாளரே அந்தப் பல்கலைக்கழக அணிதான். கேசட்டும் டிவிடியும் சுமந்து திரிந்த கோச்சுகளுக்கு எல்லா கிளிப்பையும் இணையத்தில் போட்டுக் கொடுத்தார்கள். இன்று உலகம் முழுக்கப் பள்ளிக்கூட அணிகள்வரை அதைப் பயன்படுத்துகின்றன.

கருவி மாறினாலும் வேலையின் எலும்புக்கூடு மாறவில்லை. பக்கவாட்டில் உயரத்தில் ஒரு கேமரா, கோல் பக்கம் பின்னாலிருந்து ஒரு கேமரா. அந்த ஆட்டம் தொடர்ச்சியாக நடப்பதில்லை. பந்தை எடுத்து ஐந்தாறு விநாடி மோதுவார்கள், விசில், மறுபடி கூடுவார்கள். ஒரு ஆட்டத்தில் இப்படி 150 மோதல்களுக்கு முன்பின் வரும். மூன்று மணி நேர ஆட்டத்தை வெட்டிச் சுருக்கினால் கால் மணி நேரச் சரக்கு. ஒவ்வொரு மோதலும் தனி கிளிப். ஒவ்வொரு கிளிப்புக்கும் எத்தனையாவது முயற்சி, எந்த வியூகம், எந்தப் பக்கம் ஓடினார்கள், என்ன கிடைத்தது என்று குறிப்பு. முடிந்தால், அணி ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸிலேயே கோச் மடியில் அது இருக்க வேண்டும்.

ஆட்ட நாள் வேலை இதில் கொஞ்சம்தான். தினசரிப் பயிற்சியையும் எடுக்க வேண்டும். அடுத்த வாரம் மோதப்போகிற அணிக்கு நம் வீடியோவை அனுப்ப வேண்டும், அவர்களுடையதை வாங்க வேண்டும். ஆம், எதிரிக்கே கொடுக்க வேண்டும்! பல போட்டி அமைப்புகளில் அதுதான் விதி. மொய் நோட்டு மாதிரி. வாங்கியதைத் திருப்பிச் செய்யாமல் இருக்க முடியாது. இந்த வேலை செய்கிறவர்களுக்கென அங்கே தனிச் சங்கமே இருக்கிறது.

காற்றில் போன உயிர்

உயரமாக நில் என்பதுதான் முதல் பாடம் என்றோமே, அந்த உயரம் ஒரு மாணவனின் உயிரை வாங்கியிருக்கிறது.

2010 அக்டோபர் 27. இண்டியானா மாநிலத்தில் இருக்கும் நோட்டர்டேம் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மைதானம். அணியின் வீடியோ பிரிவில் பகுதிநேரமாக வேலை பார்த்த 20 வயது மாணவர் ஒருவர், மேலே மேலே விரிந்து ஏறும் இரும்பு லிஃப்ட் மேடையில் நின்று பயிற்சியைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். அன்று பலத்த காற்று. மணிக்கு 85 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட ஒரு வீச்சில் மேடை அப்படியே சாய்ந்தது. அந்தப் பையன் பிழைக்கவில்லை.

மாநிலத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை விசாரித்து, பல்கலைக்கழகத்துக்கு அபராதம் விதித்தது. அதன்பிறகு அந்த மைதானத்தில் ரிமோட்டில் இயங்கும் கேமராக்கள் வந்தன. ஆள் மேலே ஏற வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. கேமராவை உயரத்தில் வைக்க வேண்டும் என்பதும், கேமராக்காரர் உயரத்தில் நிற்க வேண்டும் என்பதும் ஒன்றல்ல என்று கண்டுபிடிக்க ஒரு உயிர் தேவைப்பட்டது.

இது எங்கோ அமெரிக்காவில் நடந்த கதை என்று தள்ளிவிட முடியாது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்கிற ஊர்கள் இவை. இங்கே கல்லூரி மைதானத்தில் படமெடுக்கிற பையன் எதன் மேல் நிற்கிறான்? பந்தல்காரர் விட்டுப்போன ஏணி, தண்ணீர்த் தொட்டி விளிம்பு, கைப்பிடிச் சுவர் இல்லாத வகுப்பறை மாடி, நண்பனின் தோள். 'நல்ல ஆங்கிள் கிடைக்கும்' என்று ஏறுகிற பிள்ளையை இறங்கச் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. ஆட்டக்காரனுக்கு அடிபட்டால் ஓடிவர முதலுதவிப் பெட்டி இருக்கும். கேமராக்காரன் அங்கே இருப்பதே யார் கணக்கிலும் இருக்காது.

தீர்வு மலிவானது. கைப்பிடிச் சுவர் உள்ள முதல் மாடி வராண்டா போதும். அது இல்லையென்றால் நீளக் கம்பத்தின் நுனியில் ஃபோனைப் பூட்டி, அடியில் மணல் மூட்டை வைத்து, கம்பத்தை மூன்று பக்கமும் கயிறு கட்டி நிறுத்திவிட்டுத் தரையில் நிற்கலாம். காற்று பலமாக இருந்தால் கம்பமும் வேண்டாம். அன்றைக்கு வீடியோ இல்லாமலே ஆடட்டும்.

சென்னையிலிருந்து போன அனலிஸ்ட்டுகள்

கிரிக்கெட்டைப் பொறுத்தவரை இந்த வேலையில் தமிழ்நாட்டுக்கு ஒரு பாரம்பரியமே உண்டு. ஜான் ரைட் கோச்சாக இருந்தபோது, 2003 உலகக் கோப்பைக்குப் போன இந்திய அணியோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனவர் 'ராம்கி' என்கிற எஸ். ராமகிருஷ்ணன். அந்தக் காலத்தில் டிரெஸ்ஸிங் ரூமில் கம்ப்யூட்டர் என்பதே வேடிக்கைப் பொருள். 2011-ல் தோனி சிக்ஸர் அடித்து உலகக் கோப்பையை வாங்கியபோது அணியின் வீடியோ அனலிஸ்ட் சி.கே.எம். தனஞ்ஜய். 2024 டி20 உலகக் கோப்பையை வென்ற அணியில் அதே பொறுப்பில் இருந்தவர் ஹரி பிரசாத் மோகன். சென்னை சூப்பர் கிங்ஸில் லக்ஷ்மி நாராயணன், கொல்கத்தா நைட் ரைடர்ஸில் ஏ.ஆர். ஸ்ரீகாந்த். தென்னாப்பிரிக்க அணிக்கே பல ஆண்டுகள் அனலிஸ்ட்டாக இருந்தவர் பிரசன்னா அகோரம். அஸ்வினின் யூடியூப் சேனலில் அவரோடு உட்கார்ந்து ஆட்டத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பேசுவாரே, அவரேதான்.

இவர்களில் ஒருவர்கூட இந்தியாவுக்காகக் களத்தில் இறங்கி ஆடியவர் இல்லை. ஆனால் ஆடியவர்களுக்குப் பாடம் எடுத்தவர்கள். டீமில் இடம் கிடைக்காத பிள்ளைக்கும் அணியோடு பயணம் செய்ய ஒரு வழி இருக்கிறது என்பதற்கு இவர்கள் சாட்சி.

இதில் ஒரு குறையும் உண்டு. இந்தப் பெயர்கள் எல்லாம் கிரிக்கெட். பணம் புழங்குகிற ஆட்டம். கபடியும் வாலிபாலும் ஓட்டமும் தாண்டலுமாக வளர்கிற விருதுநகர் மாவட்டப் பிள்ளைகளுக்கு இது எட்டுமா? 2014-ல் புரோ கபடி லீக் தொடங்கியதிலிருந்து கபடியிலும் வீடியோ பார்க்காமல் அணிகள் இறங்குவதில்லை. 2022-ல் பிரைம் வாலிபால் லீக் வந்தது. அந்த அணிகளுக்கும் ஆள் வேண்டும். முதலமைச்சர் கோப்பையில் கல்லூரி மாணவர்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு. 2020-லிருந்து கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள் நடக்கின்றன. மைதானம் விரிந்திருக்கிறது. வேலை கற்றுக்கொள்கிற இடம்தான் இன்னும் சொந்தக் கல்லூரி மைதானமாக இருக்க வேண்டியிருக்கிறது.

ஒரு ஃபோன், ஒரு நோட்டு

கபடியிலிருந்தே தொடங்கலாம். கிளிப் வெட்டுவதற்கென்றே கண்டுபிடித்த ஆட்டம் மாதிரி அது. ஆண்கள் ஆட்டம் இரண்டு பாதியும் சேர்த்து 40 நிமிடம். ஒருவர் பாடிப் போய்த் திரும்ப அதிகபட்சம் 30 விநாடி. எல்லா ரெய்டும் முழு நேரம் எடுத்தாலும் 80 ரெய்டு. 80 கிளிப். அமெரிக்கக்காரர் கணக்கில் பாதி.

கேமராவை ஆடுகளத்தின் நீளவாக்கில், ஒரு முனைக்குப் பின்னால் உயரத்தில் வைக்க வேண்டும். 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் முழுதும் தெரிய வேண்டும். நோட்டில் ஒவ்வொரு ரெய்டுக்கும் ஒரு வரி: யார் பாடிப் போனார், எந்தப் பக்கம் நுழைந்தார், எதிரில் எத்தனை பேர், போனஸுக்குக் கால் வைத்தாரா, எங்கே பிடிபட்டார். மூன்று மேட்ச்சுக்கு இப்படி எழுதிப் பார்த்தால், தங்கள் நட்சத்திர ரெய்டர் வலது கார்னரிடமே திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்கிறார் என்பது போன்ற சங்கதிகள் தானாக வெளியே வரும். அதை எதிரணி கண்டுபிடிப்பதற்கு முன்னால் சொந்த அணி கண்டுபிடித்தால் நல்லது.

வாலிபாலுக்கும் கோட்டின் பின்பக்கம்தான் கேமரா. பக்கவாட்டில் எடுத்தால் பந்து வலையைத் தாண்டுவது அழகாக இருக்கும், ஆனால் ஆறு பேர் நிற்கிற அமைப்பு தெரியாது. சர்வதேச அணிகள் இத்தாலியில் உருவான 'டேட்டா வாலி' என்ற சாஃப்ட்வேரில் ஒவ்வொரு தொடுதலையும் குறியீடாகத் தட்டுவார்கள். அது இல்லாமலும் செய்யலாம். ஸர்வீஸ் எடுப்பதற்கு மட்டும் மார்க் போட்டால் போதும். பந்து செட்டர் கைக்கு நேராகப் போய், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தூக்கிக் கொடுக்க முடிந்தால் 3. செட்டர் கொஞ்சம் நகர வேண்டியிருந்தால் 2. ஓடிப்போய் எப்படியோ காப்பாற்றினால் 1. பாயின்ட் போனால் 0. அதோடு, ஆறு சுற்றில் எந்தச் சுற்றில் பாயின்ட் வரிசையாகப் போகிறது என்பதையும் குறிக்க வேண்டும். செட்டர் முன்வரிசைக்கு வரும் சுற்றுகளில் முன்னால் அடிக்க இரண்டு பேர்தான் மிச்சம். பல அணிகள் சரிவது அங்கேதான்.

தாண்டல், ஓட்டம் என்றால் கதை வேறு. அங்கே மொத்தக் களம் வேண்டாம், ஒரு கால் போதும். நீளம் தாண்டுகிறவரின் கால் பலகையில் படுவது ஏறக்குறைய 0.12 விநாடி. சாதாரண வீடியோவில் விநாடிக்கு 30 படம். கணக்குப் போட்டால் அந்த மிதிக்கு மூன்று, நான்கு படம்தான். பாதி ஃபோன்களில் இருக்கிற 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனில் அதே மிதிக்கு 28 படத்துக்கு மேல். குதிகால் முதலில் பட்டதா, முழங்கால் மடங்கியதா, இடுப்பு இறங்கியதா எல்லாம் அதில் இருக்கும். ஃபோன் பலகைக்கு நேர் பக்கவாட்டில் இருக்க வேண்டும், சாய்வாக அல்ல. 'கினோவியா' என்கிற இலவச சாஃப்ட்வேரில் கோணம்கூட அளந்துவிடலாம். 2023-ல் 8.42 மீட்டர் தாண்டி தேசிய சாதனை படைத்த ஜெஸ்வின் ஆல்ட்ரின், தூத்துக்குடி மாவட்டத்து முதலூர்க்காரர். அந்த ஊர் இங்கிருந்து அப்படியொன்றும் தூரமில்லை.

இந்த வட்டாரத்துக்கென ஒரு விஷயம். மேற்கே மலை. சாயங்கால மேட்ச்சில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிற வரை மேற்கு நோக்கி கேமரா வைத்தால் ஆட்டக்காரர்கள் எல்லோரும் நிழல்பொம்மைகள்தான். மலைக்கு முதுகு காட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வடக்கு தெற்கு. காலை மேட்ச்சுக்கு இது தலைகீழ். இன்னொன்று, ஒரு மணி நேரம் எடுத்தால் ஃபோன் வகையைப் பொறுத்து 4 ஜிபியிலிருந்து 8 ஜிபி வரை விழுங்கும். மேட்ச் நடுவில் 'இடமில்லை' என்று ஃபோன் கைவிரிப்பதற்கு முன், பழைய குட்மார்னிங் படங்களை அழித்துவிட்டுப் போவது உத்தமம். ஏரோபிளேன் மோடும் அவசியம். செட் பாயின்ட்டில் அம்மாவிடமிருந்து போன் வந்தால் ரெக்கார்டிங் நின்றாலும் நின்றுவிடும்.

யார் கையில் இருக்கிறது அந்த வீடியோ?

மகள் வாலிபால் ஆடுகிறாள் என்றால் பல வீடுகளில் இன்னமும் முதல் கேள்வி, "யாராவது வீடியோ எடுத்துப் போட்டுட்டா?" என்பதுதான். இதைப் பழைய காலத்துப் பயம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மைதானத்து ஓரத்தில் எடுத்த ஒரு கிளிப், அசிங்கமான தலைப்போடு எங்கெங்கோ சுற்றுவதைப் பார்த்து ஆட்டத்தையே விட்டுவிடுவது எப்போதும் எடுத்தவன் அல்ல, ஆடியவள்தான்.

ஒழுங்கான அணி வீடியோ இந்தப் பயத்துக்கு ஒரு வகையில் பதிலும்கூட. உயரத்திலிருந்து மொத்தக் களத்தையும் எடுக்கிற படத்தில் யாருடைய முகமும் உடலும் நெருக்கத்தில் வருவதில்லை. அதைச் செய்கிறவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அணியில் இருக்கிற பிள்ளைகளிடமும், 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோரிடமும், முன்கூட்டியே சொல்லி சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். ஸ்லோமோஷனில் தாண்டலை நெருங்கி எடுப்பதாக இருந்தால் அந்த மாணவியின் ஃபோனிலேயே எடுப்பது நல்லது. படம் அவளிடமே இருக்கும். மற்ற வீடியோக்கள் கல்லூரியின் கணக்கில், கோச்சும் ஆட்டக்காரர்களும் மட்டும் திறக்கிற ஃபோல்டரில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் அது ஊர்ச் சொத்து. சீசன் முடிந்ததும் எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது என்று முடிவெடுத்து அழிக்கவும் வேண்டும்.

பெண்கள் அணிக்கு ஒரு மாணவியே இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டால் பாதிப் பிரச்னை தீரும். கணினி படிக்கிற பெண், காயம்பட்டு ஒரு சீசன் வெளியே உட்கார நேர்ந்த ஆட்டக்காரி, பதினான்கு பேர் பட்டியலில் பதினைந்தாவது ஆளாக நின்றுபோனவள் என்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். கடைசி வகையினர்தான் நன்றாகச் செய்வார்கள். அவர்களுக்குத்தான் ஆட்டமும் தெரியும், வெளியே நின்று பார்க்கவும் தெரியும்.

போட்டுக் காட்டுகிற கலை

எடுத்தாயிற்று, வெட்டியாயிற்று. இனி காட்டுவது. நல்ல வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மேட்ச் தோற்ற அன்றே எல்லோரையும் உட்கார வைத்து முழு வீடியோவையும் ஓட்டினால் நடப்பது ஒன்றே ஒன்று: பத்தாவது நிமிடத்தில் கோச் கத்த ஆரம்பிப்பார், இருபதாவது நிமிடத்தில் பசங்க தலையைக் குனிந்துகொள்வார்கள், அரை மணியில் பின்பெஞ்ச் தூங்கிவிடும். ஒரு பையனின் தவறை நாலு தடவை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினால் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தப் பையன் அடுத்த மேட்ச்சில் பந்துக்கே போக மாட்டான்.

அனுபவமுள்ள அனலிஸ்ட் சலித்து எடுப்பார். 80 ரெய்டில் பத்துப் பன்னிரண்டு கிளிப். அதில் பாதி, சரியாகச் செய்த இடங்கள். ஒருவருடைய தனித் தவறை எல்லோர் முன்னாலும் போடாமல் அவரை மட்டும் கூப்பிட்டுக் காட்டுவார். காட்டும்போதும் 'தப்பு' என்று சொல்லாமல், படத்தை நிறுத்தி, "இப்போ நீ எங்க நிக்கிற? எங்க நின்னிருக்கலாம்?" என்று கேட்பார். பதிலை ஆட்டக்காரரே சொல்லட்டும். இருபது நிமிடத்துக்குள் முடித்துவிட்டு, அதே தவறைத் திருத்துகிற பயிற்சிக்கு நேரே மைதானத்துக்குப் போக வேண்டும், சூடு ஆறுவதற்குள்.

வீடியோக்காரர் கோச் ஆகிவிடக் கூடாது என்பதும் முக்கியம். அணியில் யாரை எடுப்பது, யாரை உட்கார வைப்பது என்பது அவர் வேலை அல்ல. கோச் என்ன சந்தேகப்படுகிறாரோ அதற்கு ஆதாரம் தேடிக் கொடுப்பதும், சில சமயம் கோச்சின் சந்தேகமே தவறு என்று படத்தைக் காட்டி மெதுவாகச் சொல்வதும்தான் வேலை. "சார், அவன் மேல தப்பில்ல, கவர்ல நின்னவன் லேட்டு" என்று ஒரு இரண்டாம் ஆண்டு மாணவன் பி.டி. மாஸ்டரிடம் சொல்வது நம் ஊரில் சாதாரண விஷயம் இல்லை. கையில் கிளிப் இருந்தால் சொல்லலாம்.

தொடங்க நினைக்கிற கல்லூரிக்கு முதல் மூன்று மேட்ச்சுக்கு சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். ஒரு ஃபோன், ஒரு நல்ல டிரைபாட், ஒரு நாற்பது பக்க நோட்டு, முழு நேரமும் ஃபோனைத் தொடாமல் நிற்கத் தெரிந்த ஒரு ஆள். நாலாவது மேட்ச்சுக்கு முன்னால் நோட்டைப் புரட்டி, எந்த வரி அடிக்கடி வருகிறது என்று பார்த்தால் பயிற்சிக்கான அடுத்த வாரப் பட்டியல் தயாராக இருக்கும். அந்த ஆளுக்கும் அணியினரைப் போலவே ஒரு ஜெர்சியும், போட்டிக்குப் போகிற வேனில் ஒரு சீட்டும் கொடுத்துவிட வேண்டும்.